அந்த வாயு எங்கே போயிற்று?

நம் பங்கு இல்லத்தின் கூட்ட அறையில் ஏ.சி. இயந்திரம் ஒன்று உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், பங்கைச் சார்ந்த அன்பர் ஒருவர் தம் அன்னையின் நினைவாக அதனை வாங்கித் தந்தார். திருமண ஆயத்த வகுப்பும், முதியோர் கூட்டமும், அவ்வப்போது நடைபெறும் மருத்துவ முகாமும் அவ்வறையில்தான். கடந்த மூன்று கோடைகளிலும் அவ்வியந்திரத்திற்கு ஒரே நோய். பங்குனி பிறந்ததும் குளிர் குறையும். பழுதுபார்க்கும் தம்பியை அழைப்போம். அவர் அளவியை மாட்டிப் பார்த்துவிட்டு, "காஸ் போயிட்டுது சாமி, ஏத்திடலாம்" என்பார். ஏற்றுவார், அறை குளிரும். பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, மறு கோடை வரை நாம் அதனை மறந்திருப்போம்.

இவ்வாண்டு அந்தத் தம்பி வந்திருந்த வேளையில், நம் பங்கின் கணக்குகளைச் சரிபார்க்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் உடனிருந்தார். காசு விஷயத்தில் அன்னார் மிகவும் கண்டிப்பானவர்; மெழுகுதிரிகளின் எண்ணிக்கையைக்கூட எழுதி வைப்பவர். கணக்கேட்டில் விரலை ஊன்றிக்கொண்டு, "சாமி, மூன்று வருடத்தில் மூன்று தடவை காஸ் வாங்கியிருக்கிறோம். அடுப்புக்கு வாங்கும் காஸ் சோறாகி வயிற்றுக்குப் போகிறது. இந்தக் காஸ் எங்கே போயிற்று?" என்று வினவினார். தம்பி சிரித்துக்கொண்டே, "காத்தோட போச்சு வாத்தியாரய்யா" என்றார். நாமும் சிரித்தோம். ஆயினும் அன்றிரவு அவ்வினா நம்மை விட்டு அகலவில்லை. காற்றோடு போனது என்கிறோமே, காற்றோடு போனது என்னவாயிற்று? அறிந்தவர்களைக் கேட்டும், நூல்களைப் புரட்டியும் நாம் அறிந்துகொண்டதை இத்திங்கள் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

முதற்கண் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். விறகு எரிந்து தீர்வது போலவோ, பெட்ரோல் செலவாவது போலவோ ஏ.சி.யின் வாயு செலவாவதில்லை. செப்புக்குழாயினுள், மூடிய வட்டமாக அது ஓயாமல் சுற்றி வருகிறது. அறைக்குள் இருக்கும் சுருளில் அது திரவ நிலையிலிருந்து ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வெளியே உள்ள பெட்டியில் அழுத்தப்பட்டு மீண்டும் திரவமாகும்போது அவ்வெப்பத்தை வெளியே விட்டுவிடுகிறது. மண்பானை வியர்த்துத் தண்ணீரைக் குளிர்விக்கிறதே, அதுவும் இதே நியதியால்தான். பானையில் ஆவியான நீர் போய்விடுகிறது. இயந்திரத்திலோ ஆவியானது மீண்டும் பிடிக்கப்படுகிறது. வீட்டிலுள்ள குளிர்சாதனப் பெட்டியும் இவ்வாறே இயங்குகிறது.

ஆகவே இவ்வாயு, உடலில் ஓடும் இரத்தத்தைப் போன்றது. இரத்தம் குறைந்தால் எங்கோ காயம் உண்டு என்பது பொருள். காயத்தைக் கட்டாமல் ஆண்டுதோறும் புதிய இரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும் மருத்துவரை நாம் மருத்துவர் என்போமா? நம் கூட்ட அறையில் மூன்றாண்டுகளாக நடந்தது அதுவே. தம்பியைக் குறை கூறுவதற்கன்று. அவரை அவ்வாறு செய்வித்தவர்கள் நாமே. அதனைப் பின்னர் சொல்வோம்.

குளிர்பதனத் தொழில் தோன்றிய காலத்தில் அமோனியா, கந்தக டைஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகியவற்றையே இயந்திரங்களில் அடைத்தனர். நம் கடற்கரை ஊர்களில் மீனுக்கு ஐஸ் செய்யும் இடங்களில் அமோனியாவின் கார நெடியை மீனவ அன்பர்கள் அறிவர். இவை நச்சுத்தன்மை உடையவை. வீட்டினுள் கசிந்தால் உயிருக்கே ஊறு. எனவே நஞ்சும் இன்றி, தீப்பற்றவும் செய்யாத ஒரு பொருளை அறிஞர் தேடினர். அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவரும் அவருடைய தோழர்களும் 1928ஆம் ஆண்டில் அத்தகைய ஒன்றைக் கண்டனர். 1930இல் வேதியியல் அறிஞர்கள் கூடியிருந்த அவையில் மிட்ஜ்லி அவ்வாயுவைத் தம் நெஞ்சார இழுத்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுதிரியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சில்லை, தீயில்லை என்று அவை வியந்தது. ஃப்ரியான் என்ற பெயரில் அது உலகெங்கும் பரவிற்று. வேதியியலில் அதனைக் குளோரோஃபுளோரோகார்பன் என்பர்.

அன்று அவர் செய்தது தீய செயலன்று. வீடுகளில் நிகழ்ந்த மரணங்களைத் தடுக்க முயன்ற நற்செயலே. ஆனால் அவ்வாயுவின் சிறப்பாக எது போற்றப்பட்டதோ, அதுவே கேடாக முடிந்தது. எதனோடும் சேராமல், எளிதில் சிதையாமல் இருப்பதே அதன் குணம். கசிந்து வெளியேறினால் மழையில் கரையாது, மண்ணில் படியாது. ஆண்டுக்கணக்கில் அலைந்து மேலே மேலே செல்லும். தரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன் படலம் இருக்கிறது. கதிரவனின் புறஊதாக் கதிர்களைத் தடுத்து, தோல் புற்றுநோயிலிருந்தும் கண்புரையிலிருந்தும் நம்மையும், வாட்டத்திலிருந்து பயிர்களையும் காப்பது அதுவே. அப்படலம் முழுவதையும் திரட்டிக் கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில் வைத்தால் 3 மில்லிமீட்டர் கனமே தேறும். அவ்வளவு மெல்லிய குடை அது.

1974ஆம் ஆண்டில் மாரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்டு என்னும் இரு வேதியியலாளர் ஓர் எச்சரிக்கை விடுத்தனர். உயரே சென்ற இவ்வாயுவைப் புறஊதாக் கதிர் சிதைக்கும்போது அதிலிருந்து குளோரின் விடுபடும். ஒரு குளோரின் அணு, தான் அழியாமலேயே, ஏறத்தாழ ஓர் இலட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்க வல்லது என்பதே அது. தொழிலதிபர் பலர் நம்ப மறுத்தனர். 1985இல் பிரிட்டானிய ஆய்வாளர்கள் தென்துருவத்து ஹாலி விரிகுடாவில், வசந்த காலத்தில் ஓசோன் பெருமளவு குறைந்துபோயிருப்பதை அளந்து வெளியிட்டனர். அதன்பின் மறுப்பதற்கு இடமில்லை. 1987 செப்டம்பர் 16ஆம் நாள் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. 2008 ஆகஸ்டில், குறிப்பிட்ட காலக்கெடுவிற்கு முன்னரே, மருத்துவத் தேவைக்கான விலக்கு நீங்கலாக அவ்வாயுவின் உற்பத்தியை நிறுத்தியது. மொலினாவுக்கும் ரோலண்டுக்கும், அவர்களோடு பால் குருட்சனுக்கும் 1995இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மனிதர் ஒன்றுபட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் உறுப்பு நாடுகள் யாவும் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை இது. ஓசோன் படலம் தேறி வருகிறது. உலகின் பெரும்பகுதியில் 2040ஆம் ஆண்டளவிலும், தென்துருவத்தில் 2066ஆம் ஆண்டளவிலும் அது 1980ஆம் ஆண்டின் நிலையை எய்தும் என்பது அறிஞர்களின் கணிப்பு. ஒரு தலைமுறையின் தவற்றை ஆற்ற மூன்று தலைமுறைகள் வேண்டியிருக்கிறது என்பதையும் மறத்தலாகாது.

இத்துடன் கதை முடிந்ததென்று நாமும் எண்ணியிருந்தோம். முடியவில்லை. இங்கேதான் தமிழர் ஒருவரின் வரலாறு குறுக்கிடுகிறது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவர் வீரபத்திரன் ராமநாதன். 1965இல் பட்டம் பெற்றபின் செகந்திராபாத்தில் குளிர்பதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். அவருக்கு இடப்பட்ட பணி யாது? இயந்திரங்களிலிருந்து வாயு ஏன் இவ்வளவு விரைவாகக் கசிகிறது என்று கண்டறிவது! நம் தலைமையாசிரியரின் வினாவையே அவர் இளமையில் கையில் எடுத்தார். அன்று அது வெறும் பண நட்டக் கணக்கு. பின்னர் மேற்படிப்பிற்காகப் பெங்களூருக்கும், அங்கிருந்து அமெரிக்காவிற்கும் சென்ற அவர், கோள்களின் காற்று மண்டலத்தை ஆராய்ந்தார். மொலினா, ரோலண்டு ஆகியோரின் எச்சரிக்கையைக் கேட்டதும், தாம் முன்பு நன்கறிந்த அவ்வாயுவைப் பற்றி வேறொரு கேள்வியை எழுப்பினார்: ஓசோனை அழிப்பதோடு, பூமியைச் சூடாக்கவும் செய்யுமோ? 1975இல் அவர் வெளியிட்ட விடை அறிஞர் உலகைத் திகைக்க வைத்தது. இவ்வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமிலவாயுவின் 10,000 மூலக்கூறுகளுக்கு மேற்பட்டவை செய்யும் வேலையைச் செய்து, பூமியின் வெப்பத்தை வெளியேற விடாமல் போர்வை போல் மூடும். கரியமிலவாயு ஒன்றே பூமியைச் சூடாக்குகிறது என்றிருந்த கருத்து அன்றோடு மாறிற்று. அவர் 2004 முதல் திருத்தந்தையின் அறிவியல் கழகத்தின் உறுப்பினர் என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

எனவே கேடுகள் இரண்டு. ஓசோன் குடை கிழிவது ஒன்று. பூமியின் மேல் போர்வை கனப்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றெனக் கருதிக் குழம்புவோர் பலர். பழைய ஃப்ரியானுக்குப் பதிலாக வந்த ஆர்-22, ஓசோனுக்குச் சிறிதளவே தீங்கு செய்யும். ஆனால் சூடாக்குவதில் கரியமிலவாயுவைப்போல் ஏறத்தாழ 1,800 மடங்கு வலியது. அதன்பின் வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது. சூடாக்குவதிலோ 2,000 மடங்கைத் தாண்டும். ஆகவே ஓசோனுக்குத் தீங்கற்றது என்ற விளம்பரத்தை மட்டும் கண்டு மயங்குதல் தகாது. இப்போது மிகுதியாக விற்கும் ஆர்-32 ஏறத்தாழ 675 மடங்கு. முன்னையதைவிட நன்று, ஆயினும் முற்றிலும் நல்லதன்று. ஆர்-290 எனப்படும் புரோபேனும், புதிய குளிர்சாதனப் பெட்டிகளில் உள்ள ஆர்-600ஏ எனப்படும் ஐசோபியூட்டேனும் நம் சமையல் வாயுவின் உறவினர்; ஓசோனுக்கும் தீங்கில்லை, சூடாக்குவதும் மிக அற்பம். தீப்பற்றும் என்பது ஒன்றே அவற்றின் குறை.

இவ்விவரங்களைக் கொண்டு, நம் தலைமையாசிரியரும் நாமும் ஒரு மாலையில் கணக்கிட்டோம். நம் இயந்திரத்தில் இருப்பது ஆர்-22. ஒவ்வொரு முறையும் எஞ்சியதைத் திறந்துவிட்டுப் புதிதாக ஏற்றியதில், முறைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காற்றில் கலந்தது. அஃது 1,800 கிலோ கரியமிலவாயுவுக்கு ஈடு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமிலவாயு வெளிவரும். அப்படியானால் ஒரு கிலோ ஆர்-22, ஏறத்தாழ 780 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். நாம் கிளைப்பங்குகளுக்குச் செல்லும் மோட்டார் சைக்கிள் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும். கணக்கு 39,000 கிலோமீட்டரில் வந்து நின்றது. அதாவது ஏறத்தாழ உலகை ஒரு முறை சுற்றிவரும் தொலைவு! மூன்று கோடையில் மூன்று முறை, இருந்த இடத்திலிருந்தே உலகைப் புகைவண்டியாய்ச் சுற்றி வந்திருக்கிறோம். கோவில் வாசலில் வண்டியை அணைக்காமல் நின்று பேசும் இளைஞர்களை நாம் கடிந்துகொண்ட நாள்கள் நினைவுக்கு வந்தன. வெட்கினோம்.

மறுநாளே தம்பியைத் திரும்ப அழைத்தோம். "தம்பி, காஸ் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க முடியாதா?" என்றோம். அவர் சற்றே தயங்கி, "முடியும் சாமி. நைட்ரஜன் ஏத்தி, சோப்பு நுரை தடவிப் பார்க்கணும். ரெண்டு மணி நேரம் ஆகும். யாரும் அதுக்குக் காசு தரமாட்டாங்க. சீக்கிரம் குளிரணும், கம்மியா வாங்கிக்கன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நீங்களுமே அப்படித்தான் சொன்னீங்க" என்றார். உண்மை. மூன்று முறையும் பேரம் பேசியவர் நாமே.

அன்று அவருக்கு உரிய கூலியை முன்னரே பேசினோம். எஞ்சியிருந்த வாயுவைக் காற்றில் விடாமல் உருளையொன்றில் பிடித்து வைத்தார். நைட்ரஜனைச் செலுத்தி, இணைப்புகளெங்கும் நுரை தடவினார். வெளிப்பெட்டியின் பின்புறம், உப்புக்காற்று அரித்த ஓர் இணைப்பில் ஊசிமுனையளவு குமிழி எழுந்தது. நம் தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து நோக்கி, "இங்கேதான் போயிற்று" என்றார். இணைப்பைப் புதுப்பித்து, குழாயிலிருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சியெடுத்து, வாயுவைத் தராசில் நிறுத்து ஏற்றினார். மூன்று முறை நாம் கொடுத்த தொகையைக் கூட்டிப் பார்த்தால், இப்பணிக்கான கூலி அதிற் பாதிகூட இல்லை.

இதிலிருந்து நாம் கற்ற பாடம் ஒன்றே. குழாய்க்குள் இருக்கும்வரை இவ்வாயு எவருக்கும் தீங்கு செய்வதில்லை. வெளியே விடும்போதுதான் கேடு. அதனை வெளியே விடச் செய்வது பெரும்பாலும் நம் அவசரமும் சிக்கனம் என்று நாம் பெயரிட்ட கஞ்சத்தனமுமே.

குளிர்ச்சியே வேண்டாம் என்று கூறுவோர் நாம் அல்லோம். குழந்தைகளுக்கான தடுப்பு மருந்து, பால், மீன், அறுவைசிகிச்சைக் கூடம் யாவற்றிற்கும் குளிர்ச்சி இன்றியமையாதது. வெப்ப அலை வீசும் நாள்களில் முதியோர்க்கு அஃது உயிர்காக்கும் மருந்து. ஆயினும், 2015இல் வெளியான 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், தீங்கு விளைக்கும் நுகர்வுப் பழக்கங்களுக்கு எடுத்துக்காட்டாக ஏ.சி.யின் பெருகிவரும் பயன்பாட்டையே குறிப்பிட்டார் என்பது சிந்திக்கத்தக்கது. தேவைக்கும் பழக்கத்திற்கும் இடையே உள்ள கோட்டை ஒவ்வொரு குடும்பமும் தானே வரைந்துகொள்ளுதல் வேண்டும்.

அன்பார்ந்த குடும்பத் தலைவர்களே, தலைவியரே! உங்கள் இல்லத்தில் செய்யக்கூடியவை சில. காஸ் போயிற்று என்று எவரேனும் கூறினால், கசிவைக் கண்டு அடைத்தபின்னரே ஏற்றுமாறு கேளுங்கள். அதற்குரிய கூலியை மனமுவந்து கொடுங்கள். இயந்திரத்தின் தகட்டில் வாயுவின் பெயர் பொறித்திருக்கும். அதனைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆர்-22 இயந்திரத்தில் மலிவென்று கருதிப் புரோபேனை ஏற்ற எவரையும் அனுமதியாதீர்கள். அது தீ விபத்திற்கு வழி. புதியது வாங்கும்போது நட்சத்திரக் குறியை மட்டுமன்றி வாயுவையும் கேளுங்கள். பழைய குளிர்சாதனப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடும்போது, குழாயை வெட்டினால் வாயு முழுவதும் ஒரே நொடியில் வெளியேறிவிடும். முதலில் அதனைப் பிடித்தெடுக்கச் செய்யுங்கள். அன்றேல் அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு நிலையத்தாரிடம் ஒப்படையுங்கள்.

மின்சாரத்தையும் மறத்தலாகாது. நம் நாட்டில் 2020 சனவரி முதல், நட்சத்திரக் குறி பெற்ற ஏ.சி.கள் 24 பாகையில் தொடங்குமாறு அமைக்கப்படுகின்றன. ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது அரசுத் துறையின் கணக்கு. மின்விசிறியைச் சேர்த்துச் சுழலவிட்டால் 26 பாகையும் இதமாகவே இருக்கும். வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுங்கள். மொட்டை மாடிக்கு வெண்சுண்ணாம்பு பூசுங்கள். மேற்குச் சுவரோரம் ஒரு வேம்பு நடுங்கள்.

நாடுகளும் தம் பங்கைச் செய்கின்றன. 2016இல் ருவாண்டாவின் தலைநகரான கிகாலியில், சூடாக்கும் வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க உலக நாடுகள் இசைந்தன. இந்தியா 2021இல் அதனை ஏற்றது; 2032இல் குறைக்கத் தொடங்கி, 2047க்குள் 85 விழுக்காடு குறைக்க வேண்டும். இது முற்றும் நிறைவேறினால் இந்நூற்றாண்டின் இறுதிக்குள் 0.5 பாகை வரை வெப்பம் உயர்வதைத் தவிர்க்கலாம் என்பர். ஆனால் இப்போதே நம் வீடுகளில் உள்ள இயந்திரங்களின் குழாய்களில் இருக்கும் வாயுவை எந்த உடன்படிக்கையும் வந்து காவல் காக்காது. அதற்குக் காவலர் நாமே.

இறுதியாக ஒன்று. கோவில் முழுவதற்கும் ஏ.சி. அமைத்துத் தருவதாக வெளியூரில் வாழும் அன்பர் ஒருவர் அண்மையில் எழுதியிருந்தார். பங்குப்பேரவையில் நெடுநேரம் பேசினோம். பல்லாண்டுகளாகத் திறக்கப்படாமல் துருப்பிடித்துக் கிடந்த மேல்சாளரங்களைச் சீர்செய்து திறப்பதென்றும், கூரைக்கு வெண்பூச்சு இடுவதென்றும், அந்நன்கொடையில் ஒரு பகுதியைக் கொண்டு நம் பகுதியின் பழுதுபார்க்கும் இளைஞர்களுக்கு வாயுவைப் பிடித்தெடுக்கும் கருவி ஒன்று வாங்கித் தருவதென்றும் முடிவாயிற்று. அன்பரும் மகிழ்ந்து இசைந்தார். எட்டு இளைஞர்கள் முறைவைத்து அக்கருவியைப் பயன்படுத்துகின்றனர்.

கோடை கழிந்துவிட்டது. கூட்ட அறை இன்றும் குளிர்கிறது. அளவியின் முள் அசையவில்லை. நம் தலைமையாசிரியர் கணக்கேட்டில் காஸ் என்று ஒரு வரி எழுதி, அதற்கு நேரே தொகை எதுவும் இடாமல் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறார். நம் பங்கின் கணக்குகளில் நமக்கு மிகவும் நிறைவளித்த வரி அதுவே. உங்கள் இல்லக் கணக்கிலும் அத்தகைய கோடு ஒன்று விழுவதாக!